அன்பளிப்பும் அதிகாரமும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





அரசு ஊழியர்கள் அன்பளிப்பும் பிற பயன்களும் பெறுவது குறித்த விதிகளைப் பற்றி இங்கு பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்ட மாத்திரத்தில், "இது உத்தியோகஸ்தர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாயிற்றே; ஏர் பிடிப்பவர்களுக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இரண்டு காரணங்களால் இது உங்களுக்கே முதன்மையாக உரிய விஷயம் என்று கருதுகிறேன். அன்பளிப்பு எப்போதும் ஒருவர் கையிலிருந்து புறப்பட்டே மற்றொருவர் கைக்குச் சேருகிறது. கிராமங்களில் அது பெரும்பாலும் உழவர் கையிலிருந்துதான் புறப்படுகிறது. இது முதற்காரணம். ஊராட்சித் தலைவரும், துணைத் தலைவரும், வார்டு உறுப்பினரும் சட்டத்தின் பார்வையில் பொது ஊழியர்களே ஆவர் என்பது இரண்டாவது காரணம். ஆகவே கொடுப்போர், பெறுவோர் ஆகிய இரு சாராரும் இக்கூட்டத்திலேயே இருக்கிறோம்.

கொடுக்கும் பண்பும் அதன் எல்லையும்

நம் நாட்டில் பெரியவர்களைக் காணச் செல்வோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. ஓர் எலுமிச்சம்பழமாவது கொண்டு செல்வது வழக்கம். வெயிலில் அலைந்து வந்தவர் யாராயினும் திண்ணையில் அமரச் செய்து ஒரு செம்பு மோர் கொடுப்பது நம் குடும்பங்களின் இயல்பு. இப்பண்பை அழிப்பதற்காக எந்த விதியும் எழுதப்படவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், தற்செயலாக உண்ணும் ஒரு வேளை உணவையும், வழியில் வண்டியில் ஏற்றிச் செல்வதையும், இவை போன்ற சாதாரண உபசாரங்களையும் அன்பளிப்பாகக் கருத வேண்டுவதில்லை என்றே கூறுகின்றன. ஆனால் தம்மோடு அலுவல் தொடர்புள்ளவர்களிடமிருந்து ஆடம்பரமான விருந்தையோ, அடிக்கடி உபசாரத்தையோ ஏற்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அவ்விதிகளே தொடர்ந்து எச்சரிக்கின்றன.

அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது? பலர் அதனைப் பொருளின் விலையில் தேடுகிறார்கள். "ஒரு படி வேர்க்கடலைதானே, இதில் என்ன குற்றம்?" என்று கேட்கிறார்கள். எல்லையை விலையில் தேடினால் அது அகப்படாது. கொடுப்பவருக்குப் பெறுபவரிடம் ஒரு காரியம் இருக்கிறதா என்று பார்த்தால் உடனே அகப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஓர் ஊரில் நிலவசதியுள்ள குடியானவர் ஒருவர் தம் பட்டா மாறுதல் மனுவைக் கொடுக்கச் செல்லும்போது, புதிதாகப் பறித்த வேர்க்கடலையில் ஒரு மூட்டையை அலுவலர் வீட்டில் இறக்கிவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளத்தில் கபடம் இல்லை. நல்ல விளைச்சல், மகிழ்ச்சியோடு கொடுத்தார். அடுத்த நாள் கணவனை இழந்த ஒரு தாய் அதே போன்ற மனுவோடு வருகிறாள். அவளிடம் மூட்டையும் இல்லை, படியும் இல்லை. இரண்டு மனுக்களும் ஒரே மேசையில் இருக்கின்றன. எது முதலில் நகரும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. நகராத மனுவுக்குரியவள் பக்கத்து வீட்டாரிடம் யோசனை கேட்கிறாள். "அவர் மூட்டை கொடுத்தார், நீ ஐந்நூறாவது கொடு" என்கிறார்கள். முதலாமவர் அன்பாகக் கொடுத்தது இரண்டாமவளுக்குக் கட்டணமாகிவிட்டது. நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். மற்றவையெல்லாம் இதற்கு விளக்கமே.

மேரையும் மாமூலும்

வழக்கமாகக் கொடுத்தது கட்டணமாக மாறும் இந்தக் கதை நம் ஊர்களுக்குப் புதியதன்று. முற்காலத்தில் கிராமக் கணக்கருக்கும், மணியக்காரருக்கும், மற்ற ஊழியருக்கும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். அதற்கு மேரை என்று பெயர். அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுக்காத காலத்தில் அதுவே அவர்களுடைய ஊதியமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேரை நீங்கி, கிராம ஊழியருக்குப் பணமாகச் சம்பளம் கொடுக்கும் முறை வந்தது. ஆயினும் சம்பளம் வந்த பின்னரும் களத்தில் கைநீட்டும் பழக்கம் பல இடங்களில் நிற்கவில்லை. வழக்கமானது என்று பொருள்படும் மாமூல் என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. கணக்கர், மணியக்காரர் பதவிகள் 1980ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்டு, அவர்களுக்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதவி மாறியது, முறை மாறியது, மாமூல் என்ற சொல் மட்டும் இன்றும் அகராதியிலிருந்து நீங்கவில்லை.

இதைக் கேட்டவுடன், "ஏரியில் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் கொடுக்கிறோமே, அதுவும் தவறா?" என்று ஒருவர் கேட்கலாம். தவறன்று. நீர்க்கட்டிக்கு இவ்வளவு என்று ஊரார் கூடி முடிவு செய்கிறார்கள். எல்லாரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கொடுக்கிறார்கள். பலர் காணக் களத்தில் அளக்கிறார்கள். அது கூலி. மாமூலுக்கு அளவு கிடையாது, சாட்சி கிடையாது, ரசீது கிடையாது. ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒளிவில்லாமல் ஒரே அளவாகக் கொடுப்பது கூலி. மறைவாக ஆளைப் பார்த்து வாங்குவது மாமூல். இந்த வேற்றுமையை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

கோட்டையில் தொடங்கிய விதி

இக்காலத்து அன்பளிப்பு விதிகளுக்கு மூலமான வரலாற்றிலும் நம் வட்டாரத்துக்குச் சிறிது தொடர்பு உண்டு. விழுப்புரமும் திண்டிவனமும் நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்தின் தலைநகரான கடலூருக்கு அருகில் உள்ளது புனித டேவிட் கோட்டை. அங்கே பதவி வகித்த இராபர்ட் கிளைவ் பின்னர் வங்காளம் சென்று, 1757ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பின் மீர் ஜாபரிடமிருந்து 2,34,000 பவுன் அன்பளிப்பாகப் பெற்றார். கம்பெனியின் மற்ற அலுவலர்களும் அவ்வாறே பெற்றனர். புதிய நவாபு ஒவ்வொருவரும் பதவிக்கு வரும்போதெல்லாம் அன்பளிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணமெல்லாம் முடிவில் குடிகளிடமிருந்தே வசூலாயிற்று.

கம்பெனியின் இயக்குநர்கள் விழித்துக்கொண்டு, இனி அன்பளிப்புப் பெறமாட்டோம் என்று ஊழியர்கள் உடன்படிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 1765ஆம் ஆண்டு அந்த உடன்படிக்கைகளில் கையொப்பம் வாங்க அனுப்பப்பட்டவர் அதே கிளைவ்தான்! தாம் வாங்கியதைப் பிறர் வாங்கலாகாது என்று அவரே சொல்ல நேர்ந்தது. பின்னர் 1773ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம், தலைமை ஆளுநர் முதலியோர் அன்பளிப்புப் பெறுவதைச் சட்டமாகவே தடுத்தது. அன்பளிப்பு என்ற பெயரில் எவ்வளவு பெரிய சுமை குடிகளின் தலையில் ஏறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இப்போதுள்ள விதிகள்

சுதந்திரத்திற்குப் பின், 1962ஆம் ஆண்டு திரு. க. சந்தானம் அவர்களின் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அப்பெரியாரின் குழு 1964இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டிலேயே மத்தியில் கண்காணிப்பு ஆணையமும், நம் மாநிலத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் தோன்றின. மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். மாவட்ட ஆட்சித் தலைவர் போன்ற அகில இந்தியப் பணியினருக்கு 1968ஆம் ஆண்டு விதிகள் உள்ளன.

இவ்விதிகளின் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அரசு ஊழியர் தாமும் அன்பளிப்புப் பெறலாகாது. தம் மனைவியோ மக்களோ குடும்பத்தாரோ தம் பொருட்டுப் பெறுவதற்கும் இடம் தரலாகாது. பணமும் பொருளும் மட்டுமே அன்பளிப்பு என்று எண்ண வேண்டாம். நெருங்கிய உறவினரோ, அலுவல் தொடர்பில்லாத சொந்த நண்பரோ அல்லாத ஒருவர் இலவசமாகத் தரும் வண்டிப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, வேறு எவ்விதமான பணப்பயன் ஆகிய அனைத்தும் அன்பளிப்பே ஆகும். திருமணம், இறப்புச் சடங்கு, சமயச் சடங்கு போன்ற வேளைகளில் வழக்கப்படி உறவினரும், அலுவல் தொடர்பற்ற நண்பர்களும் செய்வதைப் பெறலாம். அது குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அகில இந்தியப் பணியினருக்கு 2015ஆம் ஆண்டில் அத்தொகை 25,000 ரூபாய் என்று திருத்தப்பட்டது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் அரசு ஊழியருக்கு விலக்கப்பட்டவை.

நடத்தை விதியை மீறினால் துறை நடவடிக்கை வரும். அதற்கு மேலே நிற்பது ஊழல் தடுப்புச் சட்டம், 1988. இச்சட்டம் 2018ஆம் ஆண்டு ஜூலையில் பெரிதும் திருத்தப்பட்டது. அதன் ஏழாம் பிரிவின்படி, சட்டப்படியான ஊதியம் அல்லாத எந்தப் பயனையும் தம் கடமையை முறைகேடாகச் செய்வதற்கென்று பெற்ற பொது ஊழியருக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தமக்காகப் பெற்றாலும் பிறருக்காகப் பெற்றாலும், நேரில் பெற்றாலும் மூன்றாமவர் மூலம் பெற்றாலும் குற்றம் ஒன்றே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "செய்யத் தகாத எதையும் நான் செய்யவில்லையே, செய்ய வேண்டிய வேலையைத்தானே செய்து கொடுத்தேன்" என்று சொல்லித் தப்ப இயலாது. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒருவருடைய குடும்ப அட்டை விண்ணப்பத்தை உரிய காலத்தில் கவனிப்பதற்காக ஐயாயிரம் ரூபாய் கேட்கும் ஊழியர் குற்றவாளியாவார். அட்டை அவருக்கு உரியதே. காலமும் உரிய காலமே. ஆயினும் கேட்டதே குற்றம். இவ்வளவு எளிய, அன்றாட எடுத்துக்காட்டு ஒன்று நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறது என்றால், நம் மக்களின் துன்பம் எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள் என்று கொள்ளலாம்.

பதினோராம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தம் முன்னே காரியம் உள்ள ஒருவரிடமிருந்து, தக்க விலை கொடாமல் ஒரு பொருளைப் பெறுவதையே அது குற்றமாக்குகிறது. கைம்மாறாக என்ன செய்தார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நான் முன்னே சொன்ன வேர்க்கடலை மூட்டைக்கு இப்பிரிவை வைத்துப் பாருங்கள். எல்லை எங்கே என்பது விளங்கும்.

ஊராட்சி உறுப்பினரும் பொது ஊழியரே

"நான் சம்பளக்காரன் அல்லவே, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினன். நடத்தை விதிகள் என்னைக் கட்டுப்படுத்துமா?" என்று ஊராட்சி உறுப்பினர் கேட்கலாம். 1973ஆம் ஆண்டு விதிகள் அரசு ஊழியர்களுக்காக எழுதப்பட்டவை என்பது மெய்தான். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டம், பொதுக் கடமை ஒன்றைச் செய்வதற்கு அதிகாரமோ பொறுப்போ தரும் பதவியில் இருப்பவர் அனைவரையும் பொது ஊழியர் என்றே குறிப்பிடுகிறது. ராஜஸ்தான் மாநிலத்து நகராட்சி உறுப்பினர் ஒருவர், தாம் பொது ஊழியர் அல்லர் என்று வாதாடி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் அச்சட்டப்படி பொது ஊழியரே என்று 2013ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊராட்சிக்கும் இதே நியாயம் பொருந்தும். மேலும், ஊராட்சியின் ஒப்பந்தத்திலோ வேலையிலோ தமக்கே நலன் வைத்துக்கொண்ட உறுப்பினர் பதவிக்குத் தகுதியிழப்பார் என்பது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கூறும் நெறி.

விழுப்புரம் மாவட்டத்தில் 2021ஆம் ஆண்டு அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 13 ஊராட்சி ஒன்றியங்களும் 688 ஊராட்சிகளும் இருந்தன. அத்தனை ஊர்களிலும் வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி, தெருவிளக்கு, சாலை வேலை, பயனாளிகள் பட்டியல் என்று எத்தனை காரியங்கள் உறுப்பினர்களின் பார்வைக்கு வருகின்றன! ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் எதையோ எதிர்பார்த்து நிற்கிறார். அவர்தம் எதிர்பார்ப்பே சோதனை.

மொய்யில் மறைந்து வருவது

இனி நம் சமூக வழக்கங்களில் கலந்து வரும் அன்பளிப்பைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் கையில் நோட்டைத் திணிப்பவரைக் கண்டு விலகிச் செல்லும் நல்லவர்கள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தலைவர் வீட்டில் திருமணம் நடக்கிறது. மொய் எழுதுகிறார்கள். மொய் என்பது உண்மையில் ஒரு கடன். இன்று நான் உங்கள் வீட்டில் ஐந்நூறு எழுதினால், நாளை என் வீட்டு விசேஷத்தில் நீங்கள் அதைத் திருப்பிச் செய்கிறீர்கள். அதற்காகவே நோட்டுப் போட்டுப் பெயரெழுதி வைத்திருக்கிறோம். ஏழைக் குடும்பங்கள் வட்டிக்கு வாங்காமல் திருமணத்தை நடத்த இவ்வழக்கம் பேருதவி செய்திருக்கிறது. ஆனால் ஊராட்சிச் சாலையைப் போடும் ஒப்பந்தக்காரர் அதே மொய்ப் பலகைக்கு வந்து ஐம்பதாயிரம் எழுதுகிறார்; அல்லது எழுதாமலே உறையை மணமகன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்யுமாறு அவர் உங்களை ஒருபோதும் கேட்கப்போவதில்லை. எங்கே திருப்பிக் கேட்பார்? சாலையின் கனத்தை அளக்கும்போது கேட்பார். அளவுப் புத்தகத்தில் கையொப்பம் இடும்போது கேட்பார். நோட்டில் எழுதித் திருப்பிச் செய்வது மொய்; சாலையில் திருப்பிச் செய்வது இலஞ்சம்.

தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டி, பொங்கலுக்கு வரும் வேட்டி சேலை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் "கைமாற்று", மருத்துவமனைக்குப் போக இலவச மகிழுந்து ஆகியவற்றையும் இவ்வாறே ஆராய வேண்டும். இவற்றுள் எது வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பவருக்கு என் முன்னே காரியம் இருக்கிறதா? நான் இப்பதவியில் இல்லாவிட்டால் இவர் எனக்கு இதைக் கொடுப்பாரா? இதைக் கிராம சபையில் எல்லாருக்கும் முன்னே பெற்றுக்கொள்ள எனக்குத் துணிவு உண்டா? இவற்றில் ஒன்றுக்கேனும் விடை இடறினால் கைகூப்பித் திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்சொல்லோடு மறுத்தால் எவரும் பகைக்கமாட்டார்.

ஊருக்குக் கொடுப்பது

மற்றோர் உருவமும் உண்டு. பொருள் தனிமனிதர் கைக்கு வராமல் ஊருக்கு வருகிறது. கல் குவாரிகளும் தொழிற்கூடங்களும் உள்ள பகுதிகளில், ஊராட்சியின் தீர்மானத்தையோ ஒப்புதலையோ எதிர்பார்க்கும் ஒரு நிறுவனம் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறது. விளையாட்டுக் குழுவுக்குச் சீருடை தருகிறது. "இது ஊருக்குத்தானே, யாருடைய பைக்கும் போகவில்லையே" என்கிறோம். ஊர் நன்மைக்குக் கொடுப்போரைத் தடுக்க வேண்டாம். ஆனால் அது ஊராட்சிக் கணக்கில் ரசீதுடன் வரவாகட்டும். கிராம சபையில் படிக்கப்படட்டும். கொடுத்தவரின் விண்ணப்பம் முடிவாகும் வரை பெறாமல் இருப்பது அதைவிட நன்று. நன்கொடை பெற்ற ஊர், லாரிகள் வீட்டுச் சுவரை அதிரச் செய்யும்போது வாய் திறக்கக் கூசுகிறது. ஊரின் நாவையே விலைக்கு வாங்கும் நன்கொடை ஊருக்கு நன்மையாகாது.

பதவியையே ஏலம் விட்டு, அதிகத் தொகை கொடுப்பவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் செய்திகளும் கடந்த தேர்தல்களின்போது தமிழ்நாட்டில் எழுந்தன. மாநிலத் தேர்தல் ஆணையம் அதனைக் கண்டித்து எச்சரித்தது. கோயிலுக்கே பணம் போனாலும், போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்று ஊரார் ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

கணக்குக் காட்டுவது நமக்குப் புதியதன்று. திண்டிவனத்துக்கு வெகு தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று அவை கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் எழுதியதை நாம் தாளில் நிறைவேற்றினால் போதும்.

கொடுப்பவரின் பொறுப்பு

உழவர் பெருமக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். நெல்லைக் கொள்முதல் செய்யும் இடத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்ற குறை பல மாவட்டங்களிலும் எழுந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு நாற்பது ரூபாய் என்றால் கிலோவுக்கு ஒரு ரூபாய். நூறு மூட்டை போடுபவர் நாலாயிரம் ரூபாயை இழக்கிறார். அரசாங்கம் ஆதரவு விலையை உயர்த்தித் தந்ததில் ஒரு பகுதி களத்திலேயே கரைந்துவிடுகிறது.

முற்காலத்தில் தனியார் மண்டிகளிலும் மாதிரி, தர்மம், மகமை என்று பல பெயர்களில் பிடித்தம் இருந்தது. 1928ஆம் ஆண்டு அறிக்கை தந்த அரசர் விவசாயக் கமிஷன் இத்தகைய முறையற்ற பிடித்தங்களைக் கண்டித்து, ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டு விற்பனைச் சட்டம் வந்தது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன. எடையும் விலையும் பலர் அறியப் பதிவானதால் பழைய பிடித்தங்கள் நின்றன. பிடித்தத்தை நிறுத்தியது அறிவுரை அன்று. எல்லார் கண்ணுக்கும் தெரிந்த எடையும் எழுதிய சீட்டுமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இலஞ்சம் கொடுப்பதும் குற்றமே. ஏழு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஆனால் வேறு வழியின்றிக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர், ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் சாராது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, குற்றவாளியைப் பிடிக்க உதவுவதற்காகக் கொடுப்பவருக்கும் குற்றம் இல்லை. ஏழு நாள் என்ற இந்த எல்லையை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரிவித்தால் என்ன நடக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் பிரிவு விழுப்புரத்திலேயே இருக்கிறது. எழுத்து மூலம் புகார் பெற்றதும், நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் என்னும் பொடியை அவற்றில் தடவிக் கொடுக்கிறார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். அரசாங்கச் சாட்சிகள் உடன் இருப்பார்கள். கேட்டதும் பெற்றதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது நீதிமன்றம் வகுத்த நெறி. புகார் கொடுத்தவர் இறந்துவிட்டாலும் பிறழ்ந்துவிட்டாலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு அதை மெய்ப்பிக்க இயலும் என்று 2022ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் புகார் காற்றில் எழுதியதாகாது.

நம் வட்டாரத்தின் முன்மாதிரி

இவையெல்லாம் நடக்கக் கூடியவையா என்று ஐயுறுவோருக்கு, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த பெரியாரை நினைவூட்டுகிறேன். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் அவர்கள் 1947ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 1949ஆம் ஆண்டு ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். ஜமீன் முறையை ஒழிக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர் ஆட்சியில் வந்தது. தேவதாசி முறையைத் தடுத்த சட்டமும், ஆலயப் பிரவேசச் சட்டமும் 1947இல் வந்தன. நிர்வாகத்தில் சிபாரிசுக்கு இடம் கொடாமல் கண்டிப்பாக இருந்தார் என்பது அவர் கட்சியிலேயே பலருடைய மனக்குறைக்குக் காரணமாயிற்று. பதவி போயிற்று. அவர் கலங்கவில்லை. வடலூருக்குச் சென்று தொண்டில் ஈடுபட்டு, 1970இல் மறையும் வரை எளிமையாக வாழ்ந்தார். சென்னை அரசினர் தோட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிபாரிசு கேட்டு வந்தவர்களின் பெயர்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முடிவாக, ஊருக்குத் திரும்பியதும் செய்யத்தக்க சில காரியங்களைக் கூறி அமர்கிறேன்.

முதலாவதாக, ஊராட்சியில் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் முடியும் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கட்டணம் இல்லாதவற்றுக்கு "கட்டணம் இல்லை" என்றே எழுதுங்கள். விலை தெரிந்தவனை எவரும் ஏமாற்ற இயலாது.

இரண்டாவதாக, எந்தப் பணத்துக்கும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணத்தைக் கொடாதீர்கள். மனு கொடுத்தால் நாளிட்ட ஒப்புகை பெறுங்கள். தாமதமானால் 2005ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி காரணம் கேளுங்கள். நிலவசதியுள்ளவர்கள் முதலில் இதைச் செய்ய வேண்டும். அவர்கள் கொடுப்பதை நிறுத்தினால்தான் இல்லாதவரிடம் கேட்பது நிற்கும்.

மூன்றாவதாக, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கூடும் கிராம சபையில், ஊருக்கு வந்த நன்கொடைகள் அனைத்தும் பெயரோடும் தொகையோடும் படிக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் செய்யுங்கள்.

நான்காவதாக, வேலைகளைப் பார்வையிட வரும் அலுவலருக்கு ஒப்பந்தக்காரர் விருந்து வைக்கும் வழக்கத்தை ஒழியுங்கள். தாகத்துக்கு ஊராட்சியே மோர் கொடுக்கட்டும். அதனால் நம் விருந்தோம்பலுக்கு ஒரு குறையும் வாராது.

ஐந்தாவதாக, எவரேனும் இலஞ்சம் கேட்டால், கேட்கப்பட்டவரைத் தனியே விடாதீர்கள். ஏழை விதவை ஒருத்தி விழுப்புரம் சென்று புகார் எழுதிக் கொடுப்பது எளிதன்று. வார்டு உறுப்பினர் ஒருவர் உடன் சென்றால் அவளுக்குத் துணிவு வரும். உறுப்பினர் பதவியின் பெருமை அத்தகைய துணையில்தான் இருக்கிறது.

அரசாங்கம் தரும் ஒவ்வொரு காசும் உரியவருக்கு முழுமையாகச் சேரும்போதுதான் கிராமம் வளர்ச்சி பெறும். ஏரிக்கரையில் ஒரு சிறு எலி வளை இருந்தால் ஏரி எவ்வளவு நிறைந்தாலும் கடைமடைக்கு நீர் சேராது. அதைக் கண்டதும் மண் வெட்டி அடைப்பது ஊரார் அனைவரின் கடமை என்று நீங்கள் அறிவீர்கள். அன்பளிப்பு என்ற பெயரில் நுழையும் இந்த வளையையும் அவ்வாறே அடைத்துவிடுவோமாக.